பெயர் எழுதாத பிஸ்கட்

எங்கள் மக்னோலியா வீட்டில் நிறவேற்றுமை கிடையாது. சும்மா சொல்லவில்லை, எழுத்திலேயே இருக்கிறது. ஒவ்வோர் ஆகஸ்ட் மாதமும் வீட்டுத் தலைவி கையெழுத்துப் போட்டு அப்படி ஒரு காகிதத்தைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவாள். அதன் நகலைச் சமையலறைக் கதவின் உட்புறம் ஒட்டுவது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாக ஒட்டுகிறேன். இந்த இருபத்திரண்டு வருஷமும் அதைப் படித்த கறுப்பு முகம் அந்த வீட்டில் என்னுடையது ஒன்றுதான்.

மக்னோலியா வீடு என்பது கல்லூரிப் பெண்கள் சகோதரிகளாகச் சேர்ந்து தங்கும் சங்கம். முகப்பில் ஆறு வெள்ளைத் தூண், தூண்களுக்கு மேல் மூன்று கிரேக்க எழுத்து. அந்த எழுத்துகளின் பொருள் பரம ரகசியம், உறுப்பினர்களுக்கே தெரியாத அளவுக்கு ரகசியம். எங்கள் தெருவில் இப்படி ஒன்பது வீடுகள் உண்டு. அலபாமா மாநிலத்தில் எங்கள் பக்கத்து நீதிபதிகள், வங்கித் தலைவிகள், செனட்டர்களின் மனைவிமார், பிறகு செனட்டர்களே, எல்லாரும் இந்தத் தெருவில் என் மாதிரி ஒருத்தி சுட்ட கோழியைத் தின்று வளர்ந்தவர்கள்தான்.

என் பெயர் வெர்னெல் டாலிவர், அந்த வீட்டுச் சமையல்காரி. நான் வருவதும் போவதும் பின்கதவு வழியாக. முன்கதவு வழியாக வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. கார் நிறுத்த எனக்குக் கொடுத்த இடம் பின்பக்கம், அவ்வளவுதான்.

என் மகள் ரோஷெலுக்கு ஏழு வயதிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் அந்தச் சமையலறைதான். மாவு மூட்டைமேல் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். கூடத்தில் பெண்கள் பாட்டுப் பழகும்போது இவள் இங்கே கூடவே முணுமுணுப்பாள். எங்கள் வட்டாரப் பள்ளியில் முதலாவதாகத் தேறி இதே பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கினாள். சட்டம் படித்து நீதிபதியாக வேண்டும் என்பது அவள் எண்ணம். சேர்ந்த மறுநாள் வந்து சொன்னாள்.

"அம்மா, நான் சேர்க்கை வாரத்துக்குப் பேர் குடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"நம்ம வீட்டுக்குத்தான். மக்னோலியாவுக்கு."

"அடியே, நம்ம பொண்ணுங்களுக்குத் தனியா சங்கம் இல்லையா? எவ்வளவு நல்ல பொண்ணுங்க! ஆடுறாங்க, பாடுறாங்க, ஏழைப் பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லித் தர்றாங்க."

"இருக்கு மா. அவங்களுக்கு இந்தத் தெருவுல வீடு இருக்கா? அவங்கள்ல எத்தனை பேரு நீதிபதி ஆனாங்க?" கொஞ்சம் நிறுத்தினாள். "அதுவும் இல்ல. பதினோரு வருஷம் இந்த வீட்டுப் பின்பக்கத்துல வளர்ந்திருக்கேன். ஒரு தடவை முன்கதவு வழியா வரணும். யாராவது எம்பேரைச் சொல்லிக் கூப்பிட்டு வரணும்."

சரி என்றேன். அந்தச் 'சரி'யை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது.

வீட்டில் சேர விதி ஒன்று உண்டு. பழைய உறுப்பினர் ஒருத்தி சிபாரிசுக் கடிதம் எழுத வேண்டும். அதாவது ஏற்கெனவே உள்ளே இருந்தவளைத் தெரிந்தவள்தான் உள்ளே வரலாம். இதிலும் நிறவேற்றுமை கிடையாது. வெள்ளைக்காரிகளுக்கும் இதே விதிதான், அவர்களுக்கு அத்தைகள் இருக்கிறார்கள்.

எனக்கு அத்தைகள் இல்லை. ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் என் கையால் சாப்பிட்டுப் போனவர்கள் ஆயிரத்துக்கு மேல். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் தொப்பியைக் கழற்றாமல் வீடு வீடாகப் போனேன். ஒருத்திகூட முகத்தைச் சுளிக்கவில்லை. "வெர்னெல்! நீயா! உள்ள வா!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இரண்டு பேர் அழுதார்கள். ஒருத்தியின் கணவர் பீச் பழத்தை மாவு மூடி நான் சுடும் காப்ளரைப் பற்றிக் கால்மணி நேரம் பேசிவிட்டுத்தான் என்னை விட்டார். ஒன்பது பேர் கடிதம் எழுதினார்கள். வழக்கமாக ஒரு பெண்ணுக்கு ஒன்று வரும், செனட்டர் மகளுக்கு மூன்று.

சேர்க்கை வாரம் தொடங்கியது. தெரியாதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். ஆயிரத்து எண்ணூறு பெண்கள் ஒரே மாதிரிப் பூப்போட்ட கவுனில் வெயிலில் வரிசையாக நிற்பார்கள். கதவு திடீரென்று திறக்கும். உள்ளே நூறு பெண்கள் அடுக்கடுக்காக நின்று கைதட்டிக் கத்துவார்கள். பேய் ஓட்டுகிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது, அது வரவேற்பு. பிறகு ஒருத்திக்கு ஒருத்தியாக ஜோடி போட்டு இருபது நிமிஷம் பேசுவார்கள். மதம், அரசியல், ஆண்பிள்ளை, காசு, குடி, இந்த ஐந்தைப் பற்றியும் பேசக்கூடாது. மிச்சம் இருப்பது நாய்க்குட்டி. ஒரு வாரம் நாய்க்குட்டியைப் பற்றிப் பேசி முடித்ததும் யார் யாருக்குக் கூடப்பிறந்த சகோதரி என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

பரிமாறும் ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகள் மஞ்சள் கவுனில் நின்று சிரித்துப் பேசினாள். எங்களிடம் நாய் கிடையாது. பக்கத்து வீட்டு நாயைப் பற்றிப் பேசியிருக்கிறாள். பேசின பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரோஷெல் முதல் சுற்றில் தேறினாள், இரண்டாவதிலும் தேறினாள். மூன்றாவதில் வீட்டுப் பாட்டை எல்லாரும் பாடினபோது இவளும் கூடப் பாடினாள், ஒரு சொல் பிசகாமல். அதிலே ஒரு சின்ன வில்லங்கம். அந்தப் பாட்டு ரகசியப் பாட்டு. பாடத் தெரியாமலிருப்பது புதுப் பெண்ணின் கடமை.

கடைசிச் சுற்றுக்குப் பிறகு மறுநாள் காலை கூடத்தில் வாக்கெடுப்பு. நான் கோழி சாலட்டும் சீஸ் குச்சியும் கொண்டுபோய் வைத்துவிட்டு ஜன்னலை அரைவாசி மூடினேன். முழுக்க மூடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நான் இருக்கும்போது பேசக்கூடாததை அவர்கள் பேசினதே இல்லை, ஏனென்றால் நான் இருப்பது அவர்களுக்கு நினைவு வந்ததே இல்லை.

தலைவி ஹாட்லி நல்ல பெண். இருபது வயது. முட்டையின் வெள்ளைக்கரு மட்டும் தின்பாள். அவள்தான் கேட்டாள். "ரோஷெல் டாலிவர் வேணுங்கறவங்க கையைத் தூக்குங்க."

நூறு கையும் உயர்ந்தன. என் கண்ணால் பார்த்தேன். என் கையும் கரண்டியோடு கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. பூசாரி என்பது பழைய உறுப்பினர்களின் ஆலோசனைக் குழு, அதன் தலைவி திருமதி பிட்ஸி கார்மைக்கேல். அறுபத்தெட்டு வயது. எங்கள் பக்கத்து மரியாதைப்படி எல்லாருக்கும் மிஸ் பிட்ஸி. என் கைக்குத் தங்கக் காப்புப் போட வேண்டும் என்று வருஷத்துக்கு நாலு தடவை சொல்வார். அவர் முத்துமாலையைத் தடவிக்கொண்டு எழுந்தார்.

"பொண்ணுங்களா, நீங்க கையைத் தூக்கினது எனக்கு எவ்வளவு பெருமையா இருக்கு தெரியுமா? அப்படியே அந்தக் கைகளோட ஒரு படம் எடுத்து வைங்க. ஏன்னா இந்த வீட்ல யாரும் தோலைப் பார்க்கறதில்ல. எங்க அம்மா காலத்துலேர்ந்து பார்த்ததில்ல. பார்க்கற மாதிரி யாரும் வந்ததும் இல்ல, அது வேற விஷயம். ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே, செல்லங்களா. விதிக்குக் கண் இல்ல. அதனாலதான் விதியை நான் நம்பறேன். இந்தப் பொண்ணுக்கு ஒன்பது கடிதம் வந்திருக்கு. ஒன்பதையும் நான் படிச்சேன். படிக்கறேன், கேளுங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். முதல் கடிதம்: 'ரோஷெலின் அம்மா வெர்னெல் தங்கமான பெண். அவள் கைக் காப்ளருக்கு ஈடு கிடையாது.' இரண்டாவது: 'எனக்கு நிச்சயம் முறிந்த வாரத்தில் வெர்னெல் கொண்டுவந்து வைத்த சோளக்கஞ்சியை என்னால் மறக்க முடியாது.' மூன்றாவது: 'வெர்னெலை விட நம்பிக்கையானவளை நான் கண்டதில்லை. வெள்ளிக் கரண்டி ஒன்றுகூடக் காணாமல் போனதில்லை.' ஒன்பதும் இப்படித்தான். ஒன்பது பேரும் உளமார எழுதியிருந்தார்கள்.

"பாருங்க," என்றார் மிஸ் பிட்ஸி. "எவ்வளவு நல்ல கடிதங்க. ஆனா எல்லாம் அம்மாவைப் பத்தி. பொண்ணைப் பத்தி ஒரு வரி இருக்கா? விதிப்படி, எழுதறவங்க சேர்றவளைத் தெரிஞ்சிருக்கணும், அவ கூட ஒரே மேஜையில உட்கார்ந்து சாப்பிட்டிருக்கணும். நம்ம வெர்னெலே வந்து சேர்றேன்னா நான் முதல் கையைத் தூக்குவேன். கண்ணை மூடிக்கிட்டுத் தூக்குவேன்."

ஹாட்லி எழுந்தாள். "மிஸ் பிட்ஸி, அப்ப புதுக் கடிதம் வாங்கிட்டா?"

"வாங்கலாமே! கடைசித் தேதி போன மாசம்."

"இவளுக்காக எங்கள்ல ஒருத்தி எழுதினா—"

"ஹாட்லி, நீ அழக்கூடாது. உங்கம்மாவும் இதே இடத்துல நின்னு இதே மாதிரி அழுதா, எண்பத்தி ஆறுல. அப்பவும் ஒரு பொண்ணு வந்தா. எவ்வளவு நல்ல பொண்ணு தெரியுமா! பேர் மறந்துபோச்சு."

பிறகு இன்னொன்றும் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு ரகசியப் பாட்டு எப்படித் தெரிந்தது என்று குழு கவலைப்படுகிறதாம். எங்கோ ஓர் ஓட்டை இருக்கிறதாம். நான் ஜன்னலை மெல்ல இன்னும் கொஞ்சம் மூடினேன்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நூறு கையில் ஏதோ ஒரு கை மாணவர் பத்திரிகைக்கு எழுதிவிட்டது. அடுத்த நாளே பல்கலைக்கழகத்தின் 'யாவரும் நம்மவர்' அலுவலகத்திலிருந்து இயக்குநர் டாக்டர் லூமிஸ் வந்தார். நீலக் கோட்டு, உருண்டை முகம், மார்பில் கைகுலுக்கும் படம் போட்ட வில்லை. கேக்கோடு உட்கார வைத்தோம். கூடத்தில் எல்லாரையும் கூட்டிப் பேசினார்.

"இதை நான் ஒரு பிரச்சினையாப் பார்க்கல, ஒரு உரையாடலாப் பார்க்கறேன். உங்களை நான் எதுவும் கேட்க மாட்டேன். தேர்வு உங்க அந்தரங்கம், அதைக் கேட்டா விதிமீறல். நான் கேட்காம இருக்கறதுக்குப் பதில் சொல்லாம இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அந்த உரிமையைக் காப்பாத்தத்தான் என் அலுவலகமே இருக்கு. ஆனா நிருபருங்க வராங்க. அதனால ஒரு நல்ல செய்தி வேணும். என்ன செய்தின்னு நான் சொல்ல மாட்டேன். நாளைக்கு மூணு மணிக்குள்ள."

இவர் பேச்சைக் கேட்டுப் பெண்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஏன் தட்டினோம் என்று அவர்களுக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் புரிந்த ஒரே விஷயம், அவர் கேக்கை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக்கொண்டார்.

இப்போது பிஸ்கட் விஷயத்துக்கு வருகிறேன்.

சேர்க்கை வாரத்தின் கடைசி நாளில் பெண்கள் எல்லாரும் புல்வெளியில் உட்கார்ந்து நாலு மணிக்கு ஒரே நேரத்தில் உறையைப் பிரிப்பார்கள். உள்ளே எந்த வீட்டின் பெயர் இருக்கிறதோ அந்த வீட்டை நோக்கி ஓடுவார்கள். எங்கள் வீட்டில் வழக்கம் என்னவென்றால், வாசலில் தலைவி ஒவ்வொரு பெயராக உரக்கக் கூப்பிடுவாள். பெயருக்குரியவள் முன்கதவு வழியாக வந்து தன் பெயர் எழுதிய பிஸ்கட்டை எடுத்துக்கொள்வாள். மக்னோலியாப் பூ வடிவம், வெள்ளைச் சர்க்கரைப் பூச்சு, மேலே பச்சையில் பெயர். சுடுவதும் எழுதுவதும் நான். ஆகவே சேர்ந்தவர்களின் பட்டியல் உலகத்தில் முதலில் வருவது என் கைக்குத்தான். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத்தான் வாங்குவேன்.

அன்று காலை ஆறரைக்குப் பட்டியல் வந்தது. அறுபத்திரண்டு பெயர். விரலை வைத்துப் படித்தேன். பிறகு கீழேயிருந்து மேலே படித்தேன். ரோஷெல் இல்லை. கடைசியில் மிஸ் பிட்ஸியின் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: 'கூடுதலாக ஒன்று. பெயர் எழுத வேண்டாம். மூன்று மணிக்குச் சொல்கிறேன்.'

அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேனோ. செய்தி வேண்டுமென்றாரே டாக்டர் லூமிஸ். அதற்காகத்தான் இது. வேறு எதற்கு? என் மகளைத் தவிர கடைசிச் சுற்று வரை வந்த கறுப்புப் பெண் அந்தத் தெருவிலேயே இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் நான் அவ்வளவு நல்ல பிஸ்கட் சுட்டதில்லை. இதழ் இதழாகச் செதுக்கினேன். பச்சைச் சர்க்கரையைக் குழைத்துக் கூம்பில் அடைத்து, ஈரத்துணி போட்டு மூடி, தயாராக வைத்தேன்.

ஏழரைக்குப் போன் வந்தது.

"அம்மா, லிஸ்ட் வந்துடுச்சா?"

நான் பட்டியலைக் கவிழ்த்து வைத்தேன்.

"சொல்லாத மா. கையெழுத்துப் போட்டிருப்ப. சும்மா ஏதாவது பேசு, போதும். உன் குரல்லயே எனக்குத் தெரிஞ்சுடும்."

"இன்னிக்கு மதியத்துக்கு ஹாம் வெச்சிருக்கேன்," என்றேன். "உருளைக்கிழங்கு சாலட். அப்புறம் சின்னச் சின்ன சாண்ட்விச்சு."

"ம்."

"நீ சாப்பிட்டியா கண்ணு?"

"என்ன மா, உன் குரலைக் கேட்டு ஒண்ணும் புரியல."

"எனக்கே புரியலடி," என்றேன். அது பொய்யில்லை.

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மிஸ் பிட்ஸி சமையலறைக்கு வந்தார். முகம் மலர்ந்திருந்தது. பிஸ்கட்டுகளைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்தார்.

"வெர்னெல், உன் கைக்குத் தங்கக் காப்புப் போடணும்."

"அந்த ஒண்ணுல என்ன எழுதட்டும், மிஸ் பிட்ஸி?"

"எதுல? ஓ, அதுவா!" சிரித்தார். "அது தேவைப்படல. டாக்டர் லூமிஸ் அருமையா ஒரு அறிக்கை குடுத்துட்டார். வரலாற்றுலயே முதல் தடவையா ஒரு கறுப்பினப் பொண்ணு கடைசிச் சுற்று வரைக்கும் வந்தான்னு. அதுதான் செய்தி! எல்லாருக்கும் திருப்தி. உன் பொண்ணாலதான் வெர்னெல் எங்களுக்கு இந்தப் பெருமை. நீ எவ்வளவு நல்லா வளர்த்திருக்க!" போகிற போக்கில் திரும்பினார். "அந்த பிஸ்கட்டை வீணாக்காத. வீட்டுக்குக் கொண்டு போ. உன் பொண்ணுக்குக் குடு."

நான் "சரிங்க" என்றேன். என் வாயில் அது ஒன்றுதான் வரும். அந்த நேரத்தில் அந்தக் கத்தியும் அந்தப் பன்றித்தொடை ஹாமும் என் முன்னால் இருந்தன. நான் ஹாமை நறுக்கினேன்.

நாலு மணிக்குப் புல்வெளியிலிருந்து கூச்சல் எழுந்தது. பின்கதவைத் திறந்து பார்த்தேன். ஆயிரத்து எண்ணூறு பெண்கள் பிரித்த உறையோடு ஓடினார்கள். நடுவில் மஞ்சள் கவுனில் ஒருத்தி மட்டும் உட்கார்ந்து அட்டையை நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தாள். 'எங்கள் பயணத்தில் பங்கேற்றதற்கு நன்றி' என்று போட்டிருந்ததாம்.

அதோடு விட்டார்களா? எங்கள் வீட்டுப் பெண்கள் அவளைத் தேடி ஓடிவந்தார்கள், ஹாட்லி முன்னால். "நான் உனக்குத்தான் கை தூக்கினேன் ரோஷெல்!" என்று கட்டிப்பிடித்து அழுதாள். அடுத்தவள் வந்தாள், "நானும்தான்! ரெண்டு கையும் தூக்கினேன்!" என்று அழுதாள். பிறகு ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது. என் மகள் ஒவ்வொருத்தியையும் முதுகில் தட்டிக்கொடுத்தாள். "பரவால்ல, அழாத. உன் தப்பு இல்ல. போ, நேரமாச்சு, உன்னைத் தேடுவாங்க." நாற்பது பேரைத் தேற்றினாள். நாற்பது பேரின் கண்மையும் அவள் தோளில் இருந்தது. டாக்டர் லூமிஸ் அதைப் படம் எடுத்துக்கொண்டார். அடுத்த வருஷப் பல்கலைக்கழகக் கையேட்டின் அட்டையில் அதுதான் வந்தது.

அழுது முடித்ததும் அவர்கள் முன்பக்கம் போனார்கள். ரோஷெல் பின்பக்கம் வந்தாள்.

நாற்காலியில் உட்கார்ந்தாள். தட்டில் அந்த ஒன்று மட்டும் தனியாக இருந்தது. "இது யாருக்கு மா?"

நான் சொல்லிவிட்டேன். மறைக்க எனக்குத் தெம்பில்லை. காலையிலிருந்து நடந்ததை, மிஸ் பிட்ஸி சொன்னதை, எல்லாவற்றையும் சொன்னேன். "உன்னைச் சேர்த்துக்க ஒரு கடிதம்கூட உன்னைப் பத்தி இல்லையாம்டி. எல்லாம் என்னைப் பத்தியாம். என் சமையல்தான் உன்னைக் கெடுத்துச்சு," என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. என் மகள் அழவில்லை. அவ்வளவு நேரம் மற்றவர்கள் அழுததில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

ஈரத்துணியை விலக்கிப் பச்சைக் கூம்பை எடுத்தாள். என் கை எழுத்தைப் பார்த்து வளர்ந்தவள், அதே மாதிரி வளைத்து எழுதினாள். எழுதி, ஜன்னல் வழியாக மற்ற அறுபத்திரண்டோடு தட்டில் வைத்துவிட்டாள். நான் எட்டிப் பார்த்தபோது பணிப்பெண் தட்டைக் கூடத்துக்கு எடுத்துப் போயிருந்தாள்.

"என்னடி எழுதின?"

"சிபாரிசு யாருக்கு வந்துச்சோ அவங்க பேரு."

கூடத்தில் பெயர்கள் தொடங்கின. ஹாட்லி ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். ஒவ்வொரு பெயருக்கும் நூறு பெண்கள் கத்தினார்கள், ஒருத்தி முன்கதவு வழியாக ஓடிவந்தாள். அறுபத்திரண்டு முடிந்தது. தட்டில் ஒன்று மிச்சம். ஹாட்லி பிஸ்கட்டைப் பார்த்து, பட்டியலைப் பார்க்காமல், அதே வேகத்தில் கூப்பிட்டுவிட்டாள்.

"வெர்னெல்!"

நூறு பெண்கள் கத்தினார்கள். கைதட்டினார்கள். வாசல் திறந்தே இருந்தது. யாரும் வரவில்லை. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள், "வெர்னெல்னு யாரு? பாவம், வழி தெரியாம நிக்கறா போல." வராதவளை மூன்று தடவை கூப்பிட வேண்டும் என்பது வழக்கம். வழக்கத்தை மீறுகிற வீடு இல்லை எங்களுடையது. இப்போது எல்லாருமாகச் சேர்ந்து கூப்பிட்டார்கள்.

"வெர்னெல்!"

"போ மா," என்றாள் ரோஷெல். என் ஏப்ரன் முடிச்சை அவிழ்த்தாள். "சுத்திக்கிட்டு வாசல் வழியா போ. நீ வந்தா முதல் கையைத் தூக்கறேன்னாங்கல்ல? போயேன்."

பின்கதவிலிருந்து முன்வாசலுக்கு அறுபது அடி இருக்கும். காலை எடுத்து வைக்கத்தான் பார்த்தேன். ஜன்னல் வழியாக மிஸ் பிட்ஸியின் முகம் தெரிந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பு மாறாமல் முத்துமாலையைப் பிடித்துக்கொண்டு நேராக என்னைப் பார்த்தார். கூடத்தில் அந்தப் பெயர் யாருடையது என்று தெரிந்தவர்கள் ஒவ்வொருத்தியாகக் கைதட்டுவதை நிறுத்தினார்கள். தெரியாத புதுப் பெண்கள் மட்டும் மூன்றாம் தடவை கூப்பிட்டார்கள், ஆசையாக, ராகம் போட்டு.

"வெர்-னெல்!"

என் கால் நகரவில்லை. என் மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஏப்ரனை எடுத்து, தானே எனக்குக் கட்டிவிட்டாள்.

அப்புறம் மிஸ் பிட்ஸி நாலாவது தடவையும் என் பெயரைத்தான் சொன்னார், எப்போதும்போல இனிமையாக.

"வெர்னெல், டீக்கு ஐஸ் தீர்ந்துபோச்சு."

அதற்கு நான் போனேன்.